மூடுபனியா, தூசியா, மேகமா: ஸ்பானியச் சொல் தவறும் இடங்களும் திருத்தும் வழிகளும்

தமிழில் ‘மூட்டம்’ என்ற ஒரு சொல் இருந்தால் போதும். முன்னால் வரும் சொல்லை மட்டும் மாற்றிப் பனிமூட்டம், புகைமூட்டம், மேகமூட்டம், தூசிமூட்டம் என்று எதையும் சொல்லிவிடலாம். மூடுகிற செயல் எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்க, மூடும் பொருள் எதுவென்பது முன்னொட்டாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஸ்பானிய மொழியில் அப்படிப்பட்ட அன்றாடப் பொதுச் சொல் கிடையாது. மூடும் பொருள் எதுவோ அதற்கே தனிப் பெயர் உண்டு. அந்தப் பெயர்களுள் சில ஒரே வேரிலிருந்து பிறந்து ஒன்றைப் போலவே ஒலிப்பதால், தமிழிலிருந்து அம்மொழிக்குப் போகிறவர் தவறும் இடங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அவையேயாக இருக்கின்றன. தவறை விதியைக் கொண்டு கண்டுபிடிப்பதைவிடக் கேட்டவரின் முகத்தைக் கொண்டு கண்டுபிடிப்பது எளிது என்பதால், இங்கே ஒவ்வொரு சிக்கலையும் அது வெளிப்படும் விதத்தை முன்னிட்டே எடுத்துக்கொள்கிறேன்.

சொல்லைத் தேடுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். காற்றில் இருப்பது ஈரமா, உலர்ந்ததா? அது உங்களைச் சூழ்ந்திருக்கிறதா, தலைக்கு மேலே நிற்கிறதா? முதல் கேள்விக்குக் கண்ணைவிடக் கை நன்றாகப் பதில் சொல்லும். வெளியே நிற்கும் வாகனத்தின் கூரையையோ இரும்புக் கைப்பிடியையோ விரலால் தடவிப் பாருங்கள். விரல் நனைந்தால் ஒரு வரிசைச் சொற்கள், மாவுபோல ஏதாவது ஒட்டினால் வேறு வரிசைச் சொற்கள். எவ்வளவு தொலைவு தெரிகிறது என்பது மூன்றாவது கேள்வி. அது எல்லா இடத்திலும் தேவைப்படாது.

ஒலியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கே தமிழ் எழுத்தில் தரப்படும் ஸ்பானியச் சொற்களில் ‘ப்லா’, ‘ப்ரூ’ என்று வரும் பகரம் ‘அன்பு’ என்ற சொல்லில் வரும் பகரத்தைப் போல மென்மையாக ஒலிக்க வேண்டும். ‘வ’ என்று எழுதியிருப்பதும் ஸ்பானியர் நாவில் கிட்டத்தட்ட அதே ஒலிதான். இந்தச் செய்தி அடுத்து வரும் சிக்கலிலேயே தேவைப்படும்.

‘பனி’ என்று சொல்ல நினைத்தீர்கள். கேட்டவர் வெண்பனி பொழிந்ததாக எடுத்துக்கொண்டார்

தமிழ் பேசுவோரிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு இதுவே. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, விடியலில் சாலையை மறைப்பதும் பனி, மலையுச்சியில் வெள்ளையாகக் கிடப்பதும் பனி. ஸ்பானிய மொழி இவற்றை ஐந்தாறு பெயர்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அகராதியில் ‘பனி’ என்று தேடுகிறவருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது ‘நியேவே’. அது வானிலிருந்து பஞ்சுபோல விழும் வெண்பனி மட்டுமே. கண்ணை மறைக்கும் மூடுபனிக்குச் சொல் ‘நியேப்லா’. இரண்டு சொற்களிலும் முதல் அசை ஒன்று, அழுத்தம் விழும் இடமும் ஒன்று. இரண்டாம் அசையில் வரும் ‘ப்லா’தான் வேறுபாட்டைக் காட்டுகிறது. அதை விழுங்கிவிட்டால் கேட்பவருக்கு எது எதுவென்று தெரியாது.

நான் கற்கத் தொடங்கியிருந்த காலத்தில், ஒரு பயணம் தாமதமானதை விளக்கி ஒருவருக்குக் கடிதம் எழுதினேன். விடியற்காலைப் பனியால் வண்டி மெதுவாக வந்தது என்பதே நான் சொல்ல விரும்பிய செய்தி. ‘நியேவே’ என்று எழுதிவிட்டேன். அவர் பதிலில் மிகுந்த அக்கறையோடு சக்கரங்களுக்குச் சங்கிலி போட்டிருந்தீர்களா என்று கேட்டிருந்தார். வெண்பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் பூட்டும் சங்கிலி அது. அந்தக் கேள்வியைப் படித்த பிறகுதான், நான் எழுதியது பார்வையை மறைக்கும் பனியை அல்ல, தரையில் குவியும் பனியை என்று விளங்கியது.

திருத்தும் வழி இதுதான்: தமிழில் ‘பனி’ என்று மனத்தில் எழுந்தவுடன் அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். காற்றில் மிதந்து பார்வையை மறைத்தால் ‘நியேப்லா’. இலையிலும் புல்லிலும் துளியாக நின்றால் ‘ரொசீயோ’. அந்தத் துளி உறைந்து உப்பைத் தூவியதுபோல வெளுத்திருந்தால் ‘எஸ்கார்ச்சா’. இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கிப் பயிரைக் கருக்குகிற நிகழ்வைச் சொல்வதானால் ‘எலாதா’. கெட்டியான பனிக்கட்டி ‘யேலோ’. இந்த வரிசையில் மிக அழகான சொல் ஸ்பெயினின் உள்நாட்டிலுள்ள காஸ்தீல்ய சமவெளியில் வழங்கும் ‘சென்செயாதா’: உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த மூடுபனி மரக்கிளைகளிலும் வேலிக் கம்பிகளிலும் பட்டு, காற்று வரும் திசையை நோக்கி வெள்ளை முட்களாக வளர்வதற்கு அந்தப் பெயர். குளிர்காலத்தில் வயாதோலித் போன்ற ஊர்கள் இருக்கும் துவேரோ ஆற்றுப் படுகையில் காற்றழுத்தம் உயர்ந்து காற்று அசையாமல் நிற்கும் நாட்களில் இதைக் காணலாம். அன்றாடப் பேச்சுக்கு இச்சொல் அவசியமில்லை. ஆனாலும் மூடுபனியும் உறைபனியும் ஒன்றாகச் சேரும் இடத்துக்குக்கூட அம்மொழி தனிப் பெயர் வைத்திருக்கிறது என்று அறிந்தால், பிரித்துப் பார்க்கும் பழக்கம் தானே வந்துவிடும்.

வினைச்சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘பனி பெய்கிறது’ என்ற தமிழ் வழக்கை அப்படியே கொண்டுபோய், மழை பெய்வதற்கான ‘யோவேர்’ என்ற வினையை மூடுபனிக்குச் சேர்த்தால் வாக்கியம் விளங்காது. மூடுபனி ‘பாஹா’, அதாவது இறங்கும், ‘செ எச்சா’, அதாவது வந்து கவியும், பெய்யாது.

‘எஸ்தா நுப்லாதோ’ என்றீர்கள். கேட்டவர் சாலையைப் பார்க்காமல் வானத்தை அண்ணாந்து பார்த்தார்

‘நுப்லாதோ’ என்பது தமிழில் மந்தாரம் என்று சொல்வதற்கு நேரானது. மேகம் வானத்தை மூடியிருக்கிறது. ஆனால் கீழே பத்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலையும் தெளிவாகத் தெரியலாம். வண்டியோட்டுபவரிடம் எச்சரிக்கையாக இச்சொல்லைச் சொன்னால், மழை வரக்கூடும் என்று குடையை எடுத்துக்கொள்வாரே தவிர, வேகத்தைக் குறைக்க மாட்டார். மேகத்துக்கான ‘நூபே’, மேகமூட்டத்துக்கான ‘நுப்லாதோ’, மூடுபனிக்கான ‘நியேப்லா’ ஆகியவை இலத்தீனில் ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நின்ற சொற்களிலிருந்து வந்தவை என்பதால் இக்குழப்பம் இயல்பானதே. அறிவியல்படியும் மூடுபனி என்பது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேகந்தான். வேறுபாடு பொருளில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

இதைக் கண்ணெதிரே காட்டும் இடம், ஆப்பிரிக்கக் கரையருகே ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகளிலுள்ள தெனெரீஃபே. வடகிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று ஈரத்தைச் சுமந்துவந்து மலைச்சரிவில் மோதுகையில், நடுவுயரத்தில் மேகத் திரள் படிகிறது. கீழே கடற்கரையில் நிற்பவருக்கு அது ‘எஸ்தா நுப்லாதோ’. சரிவில் ஏறி அந்த மேகத்துக்குள் நுழைந்தவருக்கு, எதிரே வரும் வண்டியின் விளக்கே தெரியாத அதே திரள் ‘ஆய் நியேப்லா’, மூடுபனி இருக்கிறது. இன்னும் மேலே ஏறி, 3,715 மீட்டர் உயரமுள்ள தெய்தே எரிமலையின் பக்கம் வெயிலில் நின்று கீழே பார்ப்பவருக்கு அது ‘மார் தே நூபேஸ்’, மேகக் கடல். ஒரே பொருளுக்கு ஒரே நேரத்தில் மூன்று பெயர்கள், மூன்றும் சரியானவை. சொல்லுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதே தீர்மானிக்கிறது.

எனவே உங்கள் வாக்கியத்தைச் சரிபார்க்கையில், ‘நான் மேகத்துக்கு வெளியே இருக்கிறேனா, உள்ளே இருக்கிறேனா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே இருந்தால் ‘நுப்லாதோ’. வானம் இடைவெளியின்றி முழுதாக மூடியிருந்தால் ‘குபியெர்த்தோ’. வானிலை அறிக்கைகளில் ‘நுப்லாதோ’வைவிட ‘நுபோசோ’ என்ற வடிவமே மிகுதியாகக் காணப்படும்; ‘போகோ நுபோசோ’ என்றால் மேகம் கொஞ்சம், ‘முய் நுபோசோ’ என்றால் மிகுதி. வாயால் பேசும்போது அந்த வடிவத்தைப் பயன்படுத்தினால் அறிக்கை வாசிப்பதுபோல இருக்கும். பெருவின் தலைநகரான லீமா நகரத்தாரும் கனாரித் தீவுகளிலுள்ள லாஸ் பல்மாஸ் நகரத்தாரும், வாரக்கணக்கில் நகராமல் நிற்கும் சாம்பல் நிற மேகக் கூரையைப் ‘பான்சா தே பூர்ரோ’, கழுதை வயிறு, என்று சொல்வார்கள். அந்த நிறத்தை ஒருமுறை பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. அதுவும் தலைக்கு மேலே இருப்பதுதான்; பார்வையை மறைப்பதன்று.

‘நியேப்லா’வா ‘நெப்லீனா’வா என்று ஒவ்வொரு முறையும் தயங்குகிறீர்கள்

எழுத்தில் இதற்குத் தெளிவான எல்லை உண்டு. வானிலையாளர்களின் பன்னாட்டு வழக்கப்படி, நீர்த்துளிகளால் கிடைமட்டப் பார்வை 1 கிலோமீட்டருக்கும் குறைந்தால் ‘நியேப்லா’. 1 கிலோமீட்டருக்குக் குறையாமல், ஆனால் மங்கலாகத் தெரிந்தால் ‘நெப்லீனா’. விமான நிலையங்கள் வெளியிடும் குறியீட்டுச் செய்தியில் இந்த மெல்லிய மூட்டத்துக்கு மேல் எல்லை 5,000 மீட்டர். அறிக்கையோ செய்தியோ மொழிபெயர்ப்போ எழுதுகிறவர் இந்த எல்லையை மதிக்க வேண்டும். 300 மீட்டர்தான் தெரிந்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் ‘நெப்லீனா’ என்று எழுதினால், துறை அறிந்தவர் ஏதோ ஒன்று பிழை என்று உடனே கண்டுகொள்வார்.

பேச்சில் நிலைமை வேறு. லத்தீன் அமெரிக்காவின் பல பகுதிகளில் அன்றாட வாயில் வருவது ‘நெப்லீனா’தான், மலைப்பாதையில் முன்னே செல்லும் வண்டியே தெரியாத அடர்மூட்டத்தையும் ‘நெப்லீனா எஸ்பேசா’, அடர்ந்த நெப்லீனா, என்று இயல்பாகச் சொல்வார்கள். ஸ்பெயினில் வளர்ந்தவருக்கோ ‘நெப்லீனா’ என்பது வயலின்மேல் தவழும் மெல்லிய படலம். ஆகவே ஒரே சொல்லைக் கேட்டு இருவர் இரண்டு வகையான காலையைக் கற்பனை செய்துகொள்ளக்கூடும். எங்கும் தவறாக விளங்காத சொல் வேண்டுமானால் ‘நியேப்லா’வைச் சொல்லி, அளவை அடைமொழியால் காட்டுவதே நல்லது என்பது என் கருத்து: ‘நியேப்லா எஸ்பேசா’ என்றாலும் ‘நியேப்லா தென்சா’ என்றாலும் அடர்த்தியானது, ‘நியேப்லா செர்ராதா’ என்றால் கதவைச் சாத்தியதுபோல முழுதாக அடைத்துக்கொண்டது. சாலையில் ஓரிடத்தில் அடர்ந்தும் அடுத்த வளைவில் விலகியும் திட்டுத்திட்டாக வருவது ‘பாங்கோஸ் தே நியேப்லா’. வண்டியோட்டுபவருக்கு மிகவும் ஆபத்தானது இந்தத் திட்டுகளே. எச்சரிக்கையாக எழுதுகையில் இத்தொடரை விட்டுவிடக் கூடாது.

அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் அடர்மூட்டத்துக்குச் ‘செர்ராசோன்’ என்ற சொல்லும் உண்டு. பிற நாடுகளில் அதே சொல் இடிமழைக்கு முன் வானம் கறுத்து இருண்டுவருவதைக் குறிக்கலாம். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை.

‘ப்ரூமா’ என்று எழுதினீர்கள், திருத்தியவர் அடிக்கோடிட்டார்

‘ப்ரூமா’ என்பது முதன்மையாகக் கடல்மேல் படியும் மூட்டம். கப்பலும் துறைமுகமும் உள்ள வாக்கியத்தில் அது இயல்பாக அமரும். உள்நாட்டுச் சாலையைப் பற்றிய எளிய செய்தியில் எழுதினால் கவிதை வாசனை வந்துவிடும். இலத்தீனில் இச்சொல் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலைக் குறித்தது. அந்தக் குளிரும் மங்கலும் இன்றும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் எழுத்தாளர்கள் அதை விரும்புகிறார்கள். ஆனால் துறைசார் எழுத்தில் அது நம்பகமான சொல் அன்று. சில நாடுகளின் வானிலை வழக்கில் ‘ப்ரூமா’ ஈரமான மெல்லிய மூட்டம். வேறு சில நாடுகளில் அதுவே உலர்ந்த துகள் மூட்டம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. எனவே அறிக்கையை மொழிபெயர்க்கையில் ‘ப்ரூமா’வைக் கண்டால் அது எந்த நாட்டு அறிக்கை என்று பார்த்து, அருகிலுள்ள ஈரப்பத அளவையும் படித்த பிறகே தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

வானம் மஞ்சளாக இருந்தது, ‘நியேப்லா’ என்றீர்கள், அந்த ஊர்க்காரர் தலையசைத்து மறுத்தார்

இங்கேதான் விரலால் தடவிப் பார்க்கும் சோதனை கைகொடுக்கிறது. கைப்பிடியில் ஈரமில்லை, மென்மையான பழுப்புத் தூள் ஒட்டுகிறது, தொண்டை வறள்கிறது, சூரியன் வெண்ணிறத் தட்டுபோல, கண் கூசாமல் பார்க்கும்படி தெரிகிறது. இது ‘கலீமா’. ‘கலீனா’ என்ற வடிவமும் உண்டு. நீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. காற்றில் மிதக்கும் உலர்ந்த நுண்துகள்களே பார்வையை மங்கவைக்கின்றன.

கனாரித் தீவுகளில் இச்சொல் வாழ்க்கையோடு கலந்தது. தீவுக்கூட்டத்தின் கிழக்கு விளிம்பிலிருந்து ஆப்பிரிக்கக் கரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுதான். கிழக்குக் காற்று எழும்போது சஹாராவின் தூசி கடலைத் தாண்டி வந்துவிடுகிறது. 2020 பிப்ரவரி 22, 23 ஆகிய நாட்களில் தூசி மிக அடர்ந்து, தீவுகளின் விமான நிலையங்கள் இயங்க முடியாமல் நின்றன. வானம் செம்மஞ்சளாக மாறிய படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த நாட்களைப் பற்றி எழுதும்போது ‘நியேப்லா’ என்று எழுதினால், அனுபவித்தவருக்கு அது வேறோர் ஊரின் கதையாகவே தோன்றும். ஏனெனில் மூடுபனி என்றால் குளிர்ச்சி. கலீமா என்றால் பெரும்பாலும் வெப்பமும் வறட்சியும். இந்தத் தொடர்பால் ‘கலோர்’, அதாவது வெப்பம், என்ற சொல்லிலிருந்து கலீமா பிறந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள்; ஆனால் அதன் வேர் இருளையும் மூட்டத்தையும் குறித்த ‘கலீகோ’ என்ற இலத்தீன் சொல். கலீமா வீசும் நாள் குளிர்ந்திருந்தாலும் பெயர் மாறாது.

2022 மார்ச் நடுப்பகுதியில் இதே தூசி ஸ்பெயினின் பெருநிலத்தின் பெரும்பகுதியில் பரவியது. அப்போது மழையும் சேர்ந்ததால் வண்டிகளும் சுவர்களும் சேறு தெளித்ததுபோல ஆயின. அந்த மழைக்குப் பெயர் ‘யூவியா தே பார்ரோ’, சேற்று மழை. இங்கே விரல் சோதனையும் ஏமாற்றும்: கை நனைகிறது, மண்ணும் ஒட்டுகிறது. அப்படியானால் இரண்டையும் தனித்தனியே சொல்லுங்கள். காற்றில் ‘கலீமா’, விழுவது ‘பார்ரோ’.

அதே சஹாராத் தூசி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கரீபியனை அடைகிறது. ஆனால் பெயர் கூடவே கடப்பதில்லை. புவேர்த்தோ ரிக்கோவில் அதைப் ‘போல்வோ தெல் சஹாரா’, சஹாராத் தூசி, என்றே சொல்கிறார்கள். அலுவல்முறை எச்சரிக்கையில் ‘போல்வோ என் சுஸ்பென்சியோன்’, மிதக்கும் தூசி, என்று வரலாம். வண்டி ஓடியதாலோ ஆட்டுமந்தை போனதாலோ எழும் புழுதி இவற்றுள் எதுவுமன்று, அது ‘போல்வரேதா’. மெக்சிகோவில் சுழல் காற்று எழுப்பும் புழுதிப் படலத்துக்குத் ‘தோல்வனேரா’ என்று பெயர். தரையிலிருந்து இப்போது எழுவதற்கும், எங்கோ எழுந்து வந்து மிதப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தச் சொற்கள் கவனமாகக் காக்கின்றன.

புகை என்று சொல்ல வேண்டிய இடம்

இதில் சிக்கல் குறைவு. புகை ‘ஊமோ’, எழுத்தில் முன்னால் வரும் ஹகரம் ஒலிக்காது. காட்டுத் தீயிலிருந்து திரண்டு வரும் அடர்புகை ‘ஊமரேதா’. நகரத்தின் வாகனப் புகையும் ஆலைப் புகையும் சேர்ந்து தேங்குவது ‘எஸ்மோக்’. மெக்சிகோ நகரத்தில் அந்நிலை முற்றும்போது அரசு அறிவிப்பது ‘கோந்தின்ஹென்சியா அம்பியெந்தால்’, சுற்றுச்சூழல் நெருக்கடி நிலை. புகைமூட்டத்தை ‘நியேப்லா தே ஊமோ’ என்று ஒட்டுச்சொல்லாக ஆக்க வேண்டாம். ‘ஆய் முச்சோ ஊமோ’, புகை மிகுதியாக இருக்கிறது, என்பதே போதும்.

மூடுபனி என்றீர்கள்; ஆனால் எல்லோர் தலையும் நனைந்திருந்தது

மூட்டத்துக்கும் தூறலுக்கும் நடுவிலுள்ள நிலைக்குத்தான் ஸ்பானிய மொழியின் செல்வம் முழுவதும் கொட்டிக் கிடக்கிறது. பொதுச் சொல் ‘யோவிஸ்னா’: தூறல். எந்த நாட்டிலும் விளங்கும். ஆனால் பெருவின் கடற்கரையில் ‘கரூவா’ என்று சொல்லாவிட்டால் அந்த ஊரின் குளிர்காலத்தையே சொல்லாமல் விட்டதாகும். குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் கடல்மேல் காற்றைக் குளிரவைக்க, அதன் மேலே வெப்பக் காற்று மூடிபோல அமர்ந்துகொள்ள, அந்தத் தாழ்ந்த மேகம் ஜூன் முதல் செப்டம்பர் வரை லீமாவை விட்டு நகர மறுக்கிறது. மழை என்று சொல்லத்தக்கது பெய்வதில்லை. ஆயினும் நடைபாதை நனைந்திருக்கும், மூக்குக் கண்ணாடியில் நுண்துளி படியும். அதுவே கரூவா. அதை ‘யூவியா’, அதாவது மழை, என்று சொன்னால் மிகை. ‘நியேப்லா’ என்று சொன்னால் குறை.

இன்னும் தெற்கே, சிலியின் வடக்கிலுள்ள அதகாமா பாலைவனக் கரையில், கடலிலிருந்து எழுந்து குன்றுகளைத் தழுவும் அடர்மூட்டம் ‘கமன்ச்சாக்கா’. ஆண்டீஸ் மக்களின் மொழியிலிருந்து வந்த சொல். மழை மிக அரிதான அந்தக் கரையில், கம்பங்களுக்கிடையே வலையைக் கட்டி மூட்டத்திலிருந்தே நீரைப் பிடிக்கிறார்கள். சுங்குங்கோ என்ற மீனவச் சிற்றூருக்கு 1990களில் எல் தோஃபோ குன்றிலிருந்து இப்படிப் பிடித்த நீர் குழாய்வழி வந்தது. வலைக்குப் பெயர் ‘அத்ராபநியேப்லாஸ்’, மூடுபனி பிடிப்பான். கமன்ச்சாக்காவைப் பிடித்தாலும் கருவியின் பெயரில் பொதுச் சொல்லே நிற்கிறது. கனாரித் தீவுகளில் ஒன்றான எல் இயேர்ரோவில் கரோவே என்ற மரம் ஒன்று, இலைகளில் மூட்டத்தைத் தடுத்து நீராகச் சொட்டவைத்து, 1610இல் புயலில் சாயும்வரை மக்களுக்குக் குடிநீர் தந்தது. மரம் பிடித்த அந்த ஈரத்தை இன்று ‘யூவியா ஓரிசொந்தால்’, கிடைமட்ட மழை, என்று குறிப்பிடுகிறார்கள். வலைகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த மரம் நினைவுக்கு வரும்.

ஸ்பெயினிலும் ஊருக்கு ஊர் வேறு பெயர். பாஸ்க் பகுதியில் ‘சிரிமிரி’, அஸ்தூரியாஸ் பக்கம் ‘ஓர்வாயோ’. மூடுபனியே துளித்துளியாகக் கசிந்து, தூறலாகவும் ஆகாமல் நின்றால் ‘நியேப்லா மெயோனா’. அந்த அடைமொழிக்குச் சிறுநீர் கழிப்பது என்ற பொருள் உண்டாதலால், வீட்டுப் பேச்சில் சொல்லலாம், அலுவல் கடிதத்தில் வேண்டாம். பெயர் தெரியாத ஊரில் ‘யோவிஸ்னா’ என்றே தொடங்குங்கள். ஊர்க்காரர் தம் சொல்லைத் தாமே சொல்லுவார். அதைத் திரும்பச் சொன்னால் மகிழ்வார்.

சொல் சரி, வாக்கியம் ஏனோ இடறுகிறது

பெயர்ச்சொல்லை எடுத்துக்கொண்டால் ‘ஆய்’ சேருங்கள்: ‘ஆய் நியேப்லா’, ‘ஆய் கலீமா’. ‘ஆசே நியேப்லா’ என்றும் கேட்பதுண்டு. ஆனால் ‘ஆய்’ எங்கும் பொருந்தும். அடைச்சொல்லை எடுத்துக்கொண்டால் ‘எஸ்தா’: ‘எஸ்தா நுப்லாதோ’, ‘எல் தீயா எஸ்தா ப்ரூமோசோ’. இரண்டையும் குழப்பி ‘எஸ்தா நியேப்லா’ என்று சொல்வதே இடறலுக்குக் காரணம்.

‘இருட்டாக இருக்கிறது, எதுவும் தெரியவில்லை’ என்ற நினைப்பில் ‘ஓஸ்கூரோ’ என்று சொல்வதும் தவறான படத்தைத் தரும், அது ஒளியின்மை. மூடுபனியில் ஒளி இருக்கிறது, ஊடுருவ முடியவில்லை. ‘நோ செ வே நாதா’, எதுவும் தெரியவில்லை, என்பது பேச்சுக்குப் போதும். எழுத்தில் ‘விசிபிலிதாத் ரெதுசீதா’, குறைந்த பார்வைத் தெளிவு, என்று எழுதி, முடிந்தால் எத்தனை மீட்டர் என்பதையும் சேருங்கள்.

வெளியே எல்லாம் தெளிவாக இருக்கிறது. உங்களுக்கு மட்டும் தெரியவில்லை

வண்டியின் முன்கண்ணாடியிலோ மூக்குக் கண்ணாடியிலோ ஆவி படிந்தால் அது வானிலை அன்று. ‘செ மெ எம்பன்யாரோன் லாஸ் காஃபாஸ்’, என் கண்ணாடி மங்கிவிட்டது, என்று ஸ்பெயினில் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் ‘காஃபாஸ்’ இருக்குமிடத்தில் ‘லென்தேஸ்’ என்றோ ‘அந்தெயோஹோஸ்’ என்றோ வரும். துணியைக் குறிக்கும் ‘பான்யோ’வே இவ்வினையின் வேர், துணி போர்த்தியதுபோல என்று கொள்ளலாம். குளிரில் வாயிலிருந்து வரும் ஆவியும், அது கண்ணாடியில் படிவதும் ‘பாவோ’. படம் கலங்கலாக வந்தால் ‘பொர்ரோசோ’, நீர் கலங்கினால் ‘தூர்பியோ’. இவற்றுள் எதையும் ‘நியேப்லா’வால் நிரப்ப முயல வேண்டாம்.

மூட்டம் விலகியது என்றீர்கள். கேட்டவர் அது வந்துவிட்டது என்று எண்ணிப் புறப்படாமல் இருந்தார்

பயணம் தொடர்பான பேச்சில் மிகுந்த இடையூறு தருவது இதுவே. ‘லெவந்தார்’ என்ற வினைக்கு எழுதல், எழுப்புதல் என்று பொருள். மூடுபனி எழுந்தது என்றால் தரையிலிருந்து கிளம்பி வந்ததா, தரையை விட்டு மேலே போனதா? ஸ்பானிய மொழியில் இரண்டும் வழக்கில் உண்டு. பிரித்துக் காட்டுவது பெயருக்கு முன் நிற்கும் சிறு சொல். ‘செ லெவந்தோ ஊனா நியேப்லா’ என்று ‘ஊனா’ வந்தால், அதுவரை இல்லாத ஒரு மூடுபனி புதிதாகக் கிளம்பியது. ‘லெவந்தோ லா நியேப்லா’ என்று ‘லா’ வந்தால், ஏற்கெனவே கவிந்திருந்த, இருவரும் அறிந்த அந்த மூடுபனி விலகியது. புறப்படும் நேரம் குறிக்கையில் ‘குவாந்தோ லெவந்தே லா நியேப்லா, சலீமோஸ்’, மூடுபனி விலகியதும் கிளம்புவோம், என்பார்கள். நடக்கவிருப்பதைச் சொல்வதால் வினையின் ஈறு ‘தே’ என்று மாறியிருப்பதையும் கவனியுங்கள்.

இந்த நுணுக்கம் கைவரும்வரை ‘லெவந்தார்’ இல்லாமலே சொல்லிவிடலாம். ‘லா நியேப்லா செ திசிபோ’ என்றால் மூடுபனி கலைந்தது. இரண்டாவது பொருளுக்கு இடமில்லை. வானமும் சேர்ந்து தெளிந்துவிட்டால் ‘யா தெஸ்பெஹோ’ என்ற இரண்டே சொற்கள் போதும். அதைக் கேட்டவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொள்வார்.